முத்துக் கணக்கும் நோயாளர் குறிப்பும்

மன்னார்ப் பெருநிலத்தின் தென்கரையில், சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் வடபால் அமைந்தது மறிச்சுக்கட்டி. இன்று அவ்வூரின் பெயரைக் கேட்போர் காணிப் பிணக்கையோ மீள்குடியேற்றத்தையோ நினைப்பர். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட முன்னாளில் அப்பெயர் இலண்டனிலும் பம்பாயிலும் வணிகர் நாவில் வழங்கிற்று. 1904 முதல் 1907 வரை நிகழ்ந்த முத்துச் சலாபங்களின் பாளயம் அவ்வூர்க் கரையிலேயே அமைந்தது. ஓலையாலும் மூங்கிலாலும் மாசி மாதத்தில் ஒரு நகரம் எழும். சித்திரை கழியுமுன் அது மணலோடு மணலாகிவிடும். அந்நகரத்தில் நீதிமன்று இருந்தது, தபாற் கந்தோர் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது.

மலர்க்குழுவினர் மொழிப்பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வேண்டுமெனப் பணித்தனர். நமது கல்லூரியின் பழைய மாணவருள் மருத்துவரும் தாதியரும் மருந்தாளரும் பலர் உளர். இப்போது படிக்கும் மாணவருள்ளும் சிலர் அத்துறைக்குச் செல்வர். ஆதலால் மருத்துவமனை விடுதிகளில் தாதியர் எழுதிவைக்கும் குறிப்புக்களின் தரம் எவற்றால் உயர்கின்றது, எவற்றால் தாழ்கின்றது என்பதை எடுத்துக்கொண்டேன். தமிழாசிரியன் ஒருவனுக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். குறிப்பு என்பது எழுத்து. எழுத்து என்பது எமது தொழில். இதற்கு மேல் விடை வேண்டா.

முதலில் மறிச்சுக்கட்டிக் கொட்டினைச் சற்று நோக்குவாம். கொட்டு என்பது சிப்பிகளை இறக்கி எண்ணுவதற்கென அமைத்த அடைப்பு. குளியாளர் தோணியிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து அங்கே மூன்று குவியலாக வகுப்பர். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளர்க்கு. எந்தக் குவியல் தமக்கென்று அதிகாரி சுட்டுவார் என்பதை அவர் முன்கூட்டி அறியார். எனவே மூன்றையும் ஒப்பவே வகுத்தனர். அரசின் பங்கு எண்ணப்பட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று மாலையில் ஏலத்திற் கூறப்படும். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு வந்த வருவாய் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டுச் சலாபத்தில் இளம் உத்தியோகத்தராய்க் கடமையாற்றியவர் பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்வ்.

இக்கணக்கு ஏன் பிழையாது நடந்தது? எண்ணியவர் கல்வியிற் சிறந்தவர் என்பதனால் அன்று. அவருட் பலர் எழுத்தறியாதவர். சிப்பி கண்முன் கிடக்கும்போதே எண்ணப்பட்டது. எண்ணிக்கை தவறினால் இழப்படைவோர் இருபுறத்தும் நின்று பார்த்தனர். எல்லாவற்றினும் மேலாக, பகலில் எழுதிய எண் அன்று மாலையே பயன்பட்டது. ஏலம் அதனை நம்பியே நடந்தது.

இனி அதே மன்னார்க் கரையில் நிகழ்ந்த மற்றொரு கணக்கை நோக்குக. 1840 ஆம் ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தவர் எத்தனை பேர்? 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, அவ்வாண்டு வரையுள்ள சில ஆண்டுகளில் தொழிலாளருள் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று எழுதிற்று. அது மிகை என்றனர் ஒருசாரார். அன்று என்றனர் மற்றொரு சாரார். இன்றும் ஆராய்ச்சியாளர் அவ்வெண்ணைப் பற்றி வழக்காடுகின்றனர். வழக்குத் தீராமைக்குக் காரணம், வழியில் விழுந்தவனை எழுதிவைப்பார் ஒருவரும் இருந்திலர் என்பதே. பிறப்பு இறப்புப் பதிவு இந்நாட்டில் ஒழுங்குபெற்றது 1867 ஆம் ஆண்டின் சட்டத்தோடேயாம். ஒரே கரையில் சிப்பிக்கு எண் இருந்தது. மனிதனுக்கு எண் இல்லை. எழுத்தின் தரம் எழுதுவோன் திறமையை மட்டும் பொறுத்ததன்று, அவ்வெழுத்தை யார் கேட்கின்றார் என்பதனையும் பொறுத்தது என்பதற்கு இவ்விரண்டினும் தெளிவான சான்று நான் கண்டிலேன்.

நிற்க. திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் போக, நான்காவதாக அவர் வைத்தது நோயாளியின் பக்கத்திருந்து துணைபுரிபவரை. நம் மக்கள் மிஸி என்று அழைப்பது அவரையே. மருத்துவர் விடுதியைச் சுற்றிப் பார்த்துச் செல்வார். மீதி நேரம் முழுவதும் கட்டிலின் அருகே இருப்பவர் தாதியே. ஆகவே நோயின் நடையைக் காணும் கண் அவருடையது. அக்கண் கண்டது மருத்துவருக்கும், அடுத்த முறைக்கு வரும் தாதிக்கும் எட்டுவதற்குரிய வழி எழுத்தொன்றே. நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளி ஒவ்வொருவருக்கும் படுக்கைத் தலைச்சீட்டு உண்டு. பெட் ஹெட் ரிக்கற் என்பதே பழகிய வழக்கு. அதனோடு வெப்பநிலை, நாடித்துடிப்பு, குருதியழுத்த அட்டையும், மருந்து அட்டையும், உட்கொண்ட நீர் வெளியேறிய நீர் கணக்கும் தொங்கும். அரச மருத்துவமனைகளிற் பொதுவாகக் காலை 7 முதல் பகல் 1 வரை ஒரு முறை, 1 முதல் மாலை 7 வரை ஒரு முறை, இரவு 7 முதல் மறுநாட் காலை 7 வரை ஒரு முறை. ஒரு நாளில் மூன்று கைமாற்றம். ஐந்து நாள் படுத்தவனுக்குப் பதினைந்து. கைமாறும் ஒவ்வோரிடத்தும் சொல்லாமல் விட்டது மறைந்துபோம், எழுதிவைத்தது நிற்கும்.

தரத்தைக் கெடுப்பவற்றுள் முதலில் வைக்கத்தக்கது காலம். இரவுமுறையில் விடுதி நிரம்பியிருக்க, கையிற் சிலரே இருக்க, ஒருவர்க்கு வலிப்பு வருகின்றது. மற்றொருவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கின்றது. அந்நேரத்தில் பேனாவை எடுப்பது எங்ஙனம்? எழுத்து விடியற்காலைக்குத் தள்ளப்படும். ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, இரவு பத்து மணிக்குக் கண்டதையும் இரண்டு மணிக்குக் கண்டதையும் நினைவிலிருந்து எழுதுவர். நினைவு நேர்மையானது அன்று. அது இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இது தாதியின் சோம்பல் என்று சொல்வோர் ஓரிரவு அங்கிருந்து பார்த்தல் நன்று.

டெங்குக் காய்ச்சலில் இதன் விளைவு வெளிப்படை. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இந்நோயில் அஞ்சத்தக்கது காய்ச்சல் தணியும் வேளை. அப்போது குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிகின்றது. அக்கண்டம் 24 முதல் 48 மணிநேரம் நிற்கும். நோயாளி எழுந்திருந்து பேசுவார்; உறவினர் சுகமென்று மகிழ்வர். ஆனால் குருதியழுத்தத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஒடுங்கிக்கொண்டே வரும். அது 20 அளவிற்கு ஒடுங்குமாயின் அதிர்ச்சிநிலை வந்ததென்று மருத்துவர் கொள்வர். எனவே மணிக்கொருமுறை நாடியும் அழுத்தமும் சிறுநீரின் அளவும் எழுதப்படல் வேண்டும் என்பது நெறி. நள்ளிரவில் 40, ஒரு மணிக்கு 34, இரண்டு மணிக்கு 28 என்று வரிசையாக நின்றால் மூன்று மணிக்கு மருத்துவரை எழுப்பத் தாதிக்கு ஒருவரும் சொல்லவேண்டுவதில்லை, அட்டையே சொல்லும். இடையில் இரண்டு கட்டங்கள் வெறுமையாயின் சரிவு தெரியாது. அவ்வெறுமையைப் பின்னர் ஊகித்து நிரப்பியிருந்தாலோ அது வெறுமையினும் கொடிது.

ஊகித்து நிரப்புதல் என்றேன். அதற்கு எங்கும் வழங்கும் எடுத்துக்காட்டு மூச்சின் எண். வளர்ந்தோர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். நாடியையும் அழுத்தத்தையும் கருவி காட்டிவிடும். மூச்சை நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். அந்த ஒரு நிமிடந்தான் கிடைப்பதில்லை. ஆகவே பல நாடுகளின் விடுதி அட்டைகளிலும், ஆராய்ந்தோர் கண்டது ஒன்றே: எல்லார்க்கும் 18, அல்லது எல்லார்க்கும் 20. நோய் முற்றுவதை முன்னறிவிக்கும் குறிகளுள் மூச்சு மிகச் சிறந்தது என்பர் மருத்துவர். பெரிதும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரி 2012 இல் வெளியிட்ட முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறையில் மூச்சுக்குத் தனியிடம் தந்தமைக்கும் இது காரணம்.

அடுத்தது மொழி. ஈண்டுச் சற்று விரித்துரைக்க அன்பர்கள் பொறுத்தருள்க.

நம் விடுதிகளில் நோயாளி தமிழிற் சொல்கின்றார். தாதி ஆங்கிலத்தில் எழுதுகின்றார். தாதி சிங்களம் பேசுபவராயின் நடுவில் மற்றுமொரு படி உண்டு. தமிழில் உடல்வருத்தத்திற்கு எத்தனை சொற்கள்! நோ, குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, இழுவை, விறைப்பு, பாரம், பிடிப்பு. ஒவ்வொன்றும் வேறு உணர்ச்சி. நெஞ்சு எரிகின்றது என்பவருக்கும், நெஞ்சை அமத்துகின்றது என்பவருக்கும், மூச்செடுக்க நெஞ்சிற் குத்துகின்றது என்பவருக்கும் மருத்துவர் கருதும் நோய்கள் வெவ்வேறு. மூன்றும் சீட்டில் ஏறும்போது நெஞ்சுநோ என்பதற்குரிய ஒற்றை ஆங்கிலத் தொடராகிவிடுகின்றன. நோயாளி தந்தது மூன்று; மருத்துவருக்குக் கிடைத்தது ஒன்று. இதில் தாதியின் ஆங்கிலம் குறையுடையது என்பதன்று செய்தி. அவர் கற்ற ஆங்கிலம் பாடப்புத்தகத்தின் ஆங்கிலம், நோயாளியின் தமிழோ வீட்டுத் தமிழ் என்பதே.

சில சொற்கள் ஊர்க்கு ஊர் பொருள் மாறும். இழுப்பு என்றால் சிலர் மூச்சிழுப்பைக் கருதுவர்; சிலர் கைகால் இழுக்கும் வலிப்பைக் கருதுவர். பிள்ளைக்கு இரவு இழுப்பு வந்தது என்று தாய் கூறினால் எது என்று மீண்டும் கேட்டல் கடன். கேட்க நேரமின்றேல், அல்லது ஐயமுண்டேல், தாய் சொன்ன சொல்லை அப்படியே தமிழிலோ ஆங்கில எழுத்திலோ எழுதி மேற்கோட் குறியிடுதல் ஆகாதா என்று கேட்கின்றேன். ஆகும். நோயாளியின் வாய்ச்சொல்லை மாற்றாமற் குறித்தலைத் தாதியர் பயிற்சியும் ஏற்கின்றது.

மொழியாற் பிறக்கும் இடர் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்குவித்தார். தம் மாணவர் ஊர்களுக்குச் சென்று ஊர்மக்களிடையே தொழில் புரியவேண்டும் என்பது அவர் கருத்து. அம்முயற்சி அவர்க்குப்பின் தொடராமை நம் இழப்பு. தொடர்ந்திருப்பின் உளைவுக்கும் குத்துக்கும் சீட்டிலேயே இடம் இருந்திருக்கும்.

பெயர் எழுதுவதிலும் இடர் உண்டு. மறிச்சுக்கட்டி என்னும் பெயரே பழைய ஆங்கில ஏடுகளிற் பலவிதமாக எழுதப்பட்டுள்ளது. ஊர்க்கு அது பெரும் கேடன்று. ஆளின் பெயர் இருவிதமாக எழுதப்படின், அல்லது ஒரே விடுதியில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், ஒருவரின் குருதிச் சோதனை மற்றவர் சீட்டில் ஏறக்கூடும். முகம்மதுகளும் மரியதாசன்களும் நிறைந்த நம் கரையில் பெயரை மட்டும் நம்புதல் தகாது. சீட்டின் எண்ணையும் ஒப்புநோக்கல் வேண்டும். சுருக்கெழுத்துக்களைப் பற்றியும் ஒரு சொல். இன்சுலினை அளவிடும் யூனிற் என்னும் சொல்லை ஒற்றை எழுத்தாற் சுருக்கினால் அது சுழியம்போற் றோன்றி, 4 என்பது 40 ஆகும். அவ்வாறு ஆன இடங்களும் உள. அதனால் அமெரிக்காவில் மருத்துவமனைகளை மதிப்பிடும் கூட்டு ஆணைக்குழு 2004 இல் அச்சுருக்கத்தை விலக்கிற்று.

இனி இலக்கணத்தால் ஆகும் உதவியைக் கூறுவாம். மாணவர்காள், வினைமுற்று ஆறு பொருளைத் தரும் என்று நன்னூலிற் படித்தீர்கள்: செய்தவர் யார், எதனைக் கொண்டு, எவ்விடத்து, என்ன தொழில், எக்காலத்து, எதனை. தேர்வெழுதியபின் மறக்கத்தக்க சூத்திரமென்று நினைத்திருப்பீர்கள். தாதியர் குறிப்பிற்கு இதனினும் நல்ல அளவுகோல் இல்லை. கீழ்வரும் குறிப்பைப் பாருங்கள். நான் பயிற்சிக்கென அமைத்தது இது.

“நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. நிலை திருப்தி.”

கொடுத்தவர் யார்? செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது. எந்த மருந்து, எவ்வளவு, வாய்வழியா ஊசிவழியா, எத்தனை மணிக்கு? திருப்தி யாருக்கு? நோயாளிக்கா, எழுதியவருக்கா? இதனையே இவ்வாறு எழுதிப் பாருங்கள்: “இரவு 10.15. காய்ச்சல் 39.2 பாகை செல்சியஸ். பரசிற்றமோல் 1 கிராம் வாய்வழி கொடுத்தேன். 11.15: காய்ச்சல் 38.1. தாகமென்றார், 150 மில்லிலீற்றர் நீர் குடித்தார். தலைநோ குறையவில்லை என்கின்றார்.” இறுதியிற் கையொப்பம். நீளம் சிறிதே கூடியது. ஆறு வினாக்களுக்கும் விடை உண்டு. அன்றியும் மருந்தின் பின் என்ன நேர்ந்தது என்பதும் உண்டு. கொடுத்ததை எழுதி, விளைந்ததை எழுதாது விடுதல் பெருவழக்கான குறை. திருப்தி, பரவாயில்லை, நன்று என்பன கண்டதைச் சொல்லா; கண்டவர் முடிவைச் சொல்லும். உயர்தர வகுப்பில் இப்பயிற்சியை இரண்டொருமுறை செய்வித்திருக்கின்றேன். அருகிருக்கும் மாணவனைப் பத்து நிமிடம் நோக்கி, முடிவுச்சொல் ஒன்றும் இன்றி எழுதுக என்றால், முதலிற் பலர் ஒரு வரிக்கு மேல் நகரார். சோர்வாக இருக்கின்றான் என்று எழுதுவர். கொட்டாவி விட்டான், கண்ணைக் கசக்கினான், வினாவிய பின் விடைக்குச் சற்றுத் தாமதித்தான் என்று எழுதுவதற்குப் பழக வேண்டும்.

எழுதியதை யார் படிக்கின்றார் என்பது எஞ்சிய வினா. 1854 நவம்பரில் துருக்கியில் ஸ்கூற்றாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அங்குக் கண்ட குறைகளுள் ஒன்று, மாண்டோரின் தொகையை வெவ்வேறு பேரேடுகள் வெவ்வேறாகக் கூறியமை. பேரேடு இல்லாமையன்று, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லாமை. 1860 இல் இலண்டனிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவர மாநாட்டின்முன் மருத்துவமனைகள் யாவும் ஒரேவகைப் படிவத்திற் கணக்கு வைக்க வேண்டுமென்னும் அவர் திட்டம் வைக்கப்பட்டது. விளக்கேந்திய மாதென்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். கணக்கேந்திய மாதென்பதும் உண்மையே.

நம் விடுதிகளில் தாதியின் குறிப்பு மருத்துவர் கண்ணிற் படாமலே கிடக்கும் நாட்கள் பல என்று அத்துறையில் உள்ள பழைய மாணவர் சிலர் என்னிடம் கூறியுள்ளனர். படிக்கப்படாத எழுத்து விரைவில் வெறும் சடங்காகிவிடும். நேற்றைய வரி இன்றும் நாளையும் பெயர்த்தெழுதப்படும். கணினிப் பதிவு வந்த நாடுகளில் இந்நோய் நீங்கவில்லை. பெயர்த்தெழுதல் எளிதாகியதே கண்டது. இதற்கு மாறாக, காலையிற் சுற்றிவரும் வைத்திய நிபுணர் நாள்தோறும் தாதியின் குறிப்பை முதலிற் கேட்டு, அதன்மேல் வினா எழுப்பும் விடுதியில், குறிப்பு ஒரு மாதத்திற் சீர்படும் என்பர். மறிச்சுக்கட்டியில் மாலை ஏலம் செய்த வேலையை அங்கே காலைச் சுற்று செய்கின்றது.

தாதியின் குறிப்பை ஒருவர் தவறாது படிக்கும் வேளை ஒன்று உண்டு: ஏதேனும் தவறு நேர்ந்து விசாரணை வரும்போது. எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று பயிற்சியிற் கற்பிப்பது இதனாலே. கற்பிப்பது பிழையன்று. ஆயினும் விசாரணைக்கஞ்சி எழுதும் எழுத்து, நோயாளியை விட்டு எழுதுபவரைக் காக்கும் எழுத்தாகிவிடுகின்றது. மருத்துவருக்கு அறிவிக்கப்பட்டது என்னும் தொடர் அங்கே மிகும்; என்ன அறிவிக்கப்பட்டது, அவர் என்ன பணித்தார் என்பது அருகும். மேலதிகாரி குறிப்பிலுள்ள குறையைக் கண்டால் முதலில் தண்டனையை நினையாது, அம்முறையில் எத்தனை பேர் கடமையிலிருந்தனர் என்று கேட்பாராயின் எழுத்தில் உண்மை கூடும்.

படிவங்களின் மிகுதியும் ஒரு தடை. ஒரே காய்ச்சல் எண்ணை மூன்று தாள்களில் எழுதச்செய்தால் மூன்றும் ஒத்திரா. படிவம் அச்சில் இல்லாதபோது கையாற் கோடிழுத்துக்கொள்ளும் விடுதிகளும் உள. அதுபற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. தாளை வாங்கிக் கொடுத்தல் நிருவாகத்தின் கடன்.

மீண்டும் மறிச்சுக்கட்டிக்கு வருவாம். 1925 உடன் சலாபங்கள் ஓய்ந்தன. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூராரும் புத்தளப் பக்கம் போயினர். போர் முடிந்த 2009 க்குப் பின்னரே மீளத் தொடங்கினர். அவருட் பல குடும்பங்களுக்கு இன்றும் ஒரு கால் புத்தளத்திலும் ஒரு கால் முசலியிலும் உண்டு. நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் அங்கொரு மருத்துவமனையில் மருந்தெடுத்தவர், இங்கே வந்து திடீரென நோயுற்றால் சிலாவத்துறையிலோ மன்னாரிலோ சேர்க்கப்படுவார். ஒரு மருத்துவமனையின் சீட்டு மற்றொன்றிற்குப் போவதில்லை. அது அவ்வலுவலகத்தின் ஆவணம். நோயாளியோடு செல்வன விடுகையின்போது கொடுக்கும் நோய்நிர்ணய அட்டையும் கிளினிக் கொப்பியுமே. ஆகவே விடுதியில் ஐந்து நாளிற் பதினைந்து கைமாற்றத்தில் எழுதிய யாவும் அந்த ஓர் அட்டையின் சில வரிகளாகச் சுருங்கி, இக்கரையோரமாய்ப் பயணம் செய்கின்றன. விடுதிக் குறிப்பு பிழையாயின் அட்டையும் பிழை. எந்த மருந்து ஒவ்வாமல் உடம்பிற் றடித்தது என்பது குறிப்பில் விடுபட்டால், அடுத்த மருத்துவமனை அம்மருந்தையே மீண்டும் கொடுக்கக்கூடும்.

இவ்வட்டையைப் பொலித்தீன் பையில் இட்டுப் பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் ஒன்றாகப் பேணும் வீடுகள் பல. அவ்வீடுகளில் அதனை வாசித்துப் பொருள் கூறுபவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளை. எட்டாம் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தோடு, கிறுக்கிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி, பாட்டிக்கு எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின் என்று அப்பிள்ளையே சொல்கின்றான். விடுகை நாளில் தாதி ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மருந்தின் பெயர், வேளை, ஒவ்வாத மருந்து, உடனே திரும்பி வரவேண்டிய குறிகள் ஆகிய நான்கையும் அட்டையின் பின்புறத்தில் தெளிவான தமிழில் எழுதிக் கொடுப்பாராயின் அவனுக்கு அவ்வேலை இராது. மன்னார்ப் பகுதியிற் கடமைபுரியும் நம் பழைய மாணவர் சிலர் இதனை ஏற்கெனவே செய்து வருகின்றனர் என அறிகின்றேன். அதற்கென்று படிவம் ஒன்று வகுக்க விரும்புவோர்க்குச் சொற்களைத் தெரிந்து தருவதற்கு எம் தமிழ்ப் பகுதி ஆயத்தமாக உள்ளது. கல்லூரி முகவரிக்கு எழுதுக.